சில்லு நட்டைக் கழற்றவும் இறுக்கவும் ஏற்ற ஸ்பானர்

மாரிக்கு ஒருமுறை, கோடைக்கு ஒருமுறை என்றாவது பெட்டிச் சில்லையோ லான்ட்மாஸ்ரர் சில்லையோ கழற்றிப் பூட்டாத கமக்காரக் குடும்பம் குறைவு. ரியூப் ஒட்ட வேண்டியிருக்கும். சேற்றுழவுக்கு இரும்புச் சில்லு மாற்ற வேண்டியிருக்கும். பெயாரிங்குக்குக் கிறீஸ் வைக்க வேண்டியிருக்கும். வேலை சிறியதுதான். ஆனால் அதில் விட்ட பிழை வீட்டு முற்றத்தில் தெரியாது. நெல் மூடைகளோடும் அவற்றின் மேல் ஏறியிருக்கும் பிள்ளைகளோடும் பெட்டி தெருவில் போய்க்கொண்டிருக்கும்போதுதான் தெரியும்.

இடம்பெயர்ந்த நாள்களில் பெட்டியே எங்களுக்கு வீடாக இருந்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு வந்த சனத்தில் எத்தனையோ குடும்பங்கள் உழவு இயந்திரப் பெட்டிகளில் வந்தன. எங்களுக்கு முன்னால் போன ஒரு பெட்டியின் சில்லு ஆடுவதைக் கண்டு மறித்தோம். ஐந்து நட்டுகளில் இரண்டு கையாலேயே சுழன்றன. சரியான ஸ்பானர் எவரிடமும் இல்லை. தண்ணீர்க் குழாய்க்குப் பாவிக்கும் றெஞ்சு ஒன்று கிடைத்தது. அதனால் முறுக்கிவிட்டுப் போனோம். சாவகச்சேரி வரை அது தாங்கியது. ஆனால் அந்த நட்டுகளின் மூலைகள் எல்லாம் மழுங்கிப் போனதால், பிறகு அவற்றை வெட்டித்தான் எடுக்க வேண்டி வந்தது.

2009 இல் போர் முடிந்தபின் காணிக்குத் திரும்பியவர்கள் பலர் பற்றைக்குள் வருடக்கணக்காக நின்ற பெட்டிகளைத் திருத்தி எடுத்தார்கள். அவற்றின் நட்டுகள் கறள் ஏறி ஆணியோடு ஒன்றாகிக் கிடந்தன. இவ்வாறான நட்டைக் கழற்றுவது ஒரு வேலை. கழற்றிய சில்லைத் திரும்ப இறுக்குவது வேறொரு வேலை. இரண்டையும் ஒரே கருவியால், ஒரே பலத்தால் செய்யப் பார்ப்பதனால்தான் பெரும்பாலான பிழைகள் வருகின்றன. இப்பாடத்தில் நாம் கவனிக்கப்போவது அதைத்தான்.

நட்டு சில்லைப் பிடிப்பது எப்படி?

சில்லின் பாரத்தை ஆணிகள் தாங்குகின்றன என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் றிம்மும் ஹப்பும் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்திருக்கும் பிடிதான் பாரத்தைத் தாங்குகிறது. நட்டை இறுக்கும்போது ஆணி மயிரிழையளவு நீளுகிறது. நீண்ட ஆணி ஸ்பிறிங்கைப்போல் திரும்பிச் சுருங்கப் பார்க்கும். அந்த இழுவைதான் றிம்மை ஹப்போடு சேர்த்து அழுத்துகிறது. வைக்கோல் கட்டைப் பாருங்கள். கயிறு விறைப்பாக இருக்கும்வரை கட்டு அசையாது. கயிறு சற்றுத் தளர்ந்தால் வண்டி குலுங்கக் குலுங்க முழுக்கட்டும் அவிழ்ந்துவிடும்.

நட்டு தளர்ந்தால் றிம் ஹப்பில் வழுக்கத் தொடங்கும். அப்போது ஆணி இரு பக்கமும் அசைந்து வளைந்து, கம்பியை மடக்கி மடக்கி முறிப்பதுபோல முறியும். அளவுக்கு மீறி இறுக்கினாலும் கேடுதான். ஆணி தன் எல்லையைக் கடந்து நீண்டுவிட்டால் பிறகு சுருங்காது. பார்வைக்கு இறுக்கமாக இருக்கும், பிடி இராது. ஆகவே 'எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு நல்லது' என்ற பேச்சை விட்டுவிட வேண்டும்.

கழற்றுவதற்கு வேண்டியது நீளம்

துலா உள்ள கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. துலா நீளமாக இருந்தால் சிறுவனும் பட்டை நீரை மேலே கொண்டுவருவான். நட்டைத் திருப்பும் முறுக்கமும் அவ்வாறே. கைபிடிக்கும் இடம் நட்டின் நடுவிலிருந்து எவ்வளவு தூரமோ, அந்த அளவுக்குப் பலம் பெருகும்.

வாகனத்தோடு வரும் 'எல்' வடிவ வீல் ஸ்பானரின் பிடி ஓரடிக்குக் கிட்டத்தான் இருக்கும். அதன்மேல் 60 கிலோ பாரமுள்ள ஒருவர் ஏறி நின்றாலும் கிடைக்கும் முறுக்கம் ஏறக்குறைய 180 நியூட்டன் மீற்றர்தான். கறள் பிடித்த நட்டுக்கு அது போதாமல் போகலாம். அதே நேரம், ஒரு மீற்றர் நீளமான பிடியில் 45 கிலோ பாரமுள்ள ஒரு பெண் தன் முழுப்பாரத்தையும் கொடுத்தால் 450 நியூட்டன் மீற்றர் கிடைக்கும். போருக்குப் பின் பெண்கள் தனித்து நின்று கமஞ்செய்யும் வீடுகள் எம்மிடையே நிறைய உண்டு. சில்லு கழற்ற அயலில் உள்ள ஆம்பிளையைத் தேடிக் காத்திருக்க வேண்டும் என்ற நிலை பலத்தினால் வந்ததல்ல, கட்டைப் பிடியினால் வந்தது.

நான்கு முனையுள்ள சிலுவை வடிவ வீல் ஸ்பானர் கார், வான், சிறிய பெட்டி ஆகியவற்றுக்கு நல்லது. ஒரு கையால் இழுத்து மறுகையால் தள்ளலாம்; ஆகையால் ஸ்பானர் நட்டிலிருந்து சாய்ந்து வழுக்காது. நான்கு அளவுகள் ஒன்றிலேயே இருப்பது இன்னொரு வசதி. ஆனால் உழவு இயந்திரத்தின் பின் சில்லுக்கு அதன் நீளம் காணாது.

அதற்குச் சொக்கற்றும் அதை மாட்டும் நீளக் கம்பிப் பிடியும் வேண்டும். இவற்றை வாங்கும்போது முதலில் சொக்கற்றின் உட்புறத்தைப் பாருங்கள். ஆறு மூலை உள்ளதும் இருக்கும், பன்னிரண்டு மூலை உள்ளதும் இருக்கும். பன்னிரண்டு மூலையானது மாட்டச் சுலபம். ஆனால் அது நட்டின் நுனி மூலைகளை மட்டுமே பிடிக்கும். கறள் தின்ற நட்டில் அந்த மூலைகள் முன்பே தேய்ந்திருக்கும். ஆறு மூலைச் சொக்கற் நட்டின் பக்கங்களில் அகலமாக அழுத்தும். சில்லு வேலைக்கு ஆறு மூலையையே வாங்குங்கள்.

அடுத்தது பிடி மாட்டும் சதுர ஓட்டை. கார், வான், லான்ட்மாஸ்ரர் பெட்டிக்கு அரை அங்குலச் சதுரம் போதும். உழவு இயந்திரத்தின் பெரிய நட்டுக்கு முக்கால் அங்குலச் சதுரம் வேண்டும். அரை அங்குலப் பிடிக்கு ஒரு மீற்றர் குழாயை மாட்டித் தொங்கினால், அந்தச் சதுரமே முறிந்து ஆள் விழ நேரிடும். பல்லுச் சக்கரம் வைத்துக் கடகடவென்று முன்னும் பின்னும் ஆடும் பிடியையும் இதற்குப் பாவிக்க வேண்டாம். உள்ளேயிருக்கும் சிறு பற்கள் உடைந்துவிடும்.

வாய் கூட்டிக் குறைக்கும் ஸ்பானர், குழாய் றெஞ்சு, உளியும் சுத்தியலும் ஆகியவை சில்லு நட்டுக்கு உரியனவல்ல. வேறு வழியில்லாத வேளையில் நாங்களும் செய்தோம் என்று மேலே சொன்னேன். அதன் விலையையும் சொன்னேன்.

அளவு பொருந்த வேண்டும்

எம்மவர் அதிகம் ஏமாறும் இடம் இது. பிரித்தானியாவில் செய்து வந்த பழைய மசி பேர்கசன் 35, 135 போன்ற உழவு இயந்திரங்களின் நட்டுகள் அங்குல அளவில் அமைந்தவை. ஜப்பானிய வாகனங்களின் நட்டுகள் மில்லிமீற்றர் அளவில் உள்ளவை; பல ஜப்பானியக் கார்களுக்கும் வான்களுக்கும் 21 மில்லிமீற்றர் சொக்கற் பொருந்தும். பெட்டியோ எங்கோ ஒரு பட்டறையில், கிடைத்த லொறி அச்சில் செய்யப்பட்டதாக இருக்கும். ஆகவே ஒரே வீட்டில் மூன்று அளவு இருப்பது புதுமையல்ல.

சில அளவுகள் ஒன்றுக்கொன்று அண்மையாக வரும். முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீற்றர். ஆகையால் 19 மில்லிமீற்றர் சொக்கற் பெரும்பாலும் அதில் ஏறும். அங்குலத்தில் பதினாறில் பதினைந்து என்பது 23.8 மில்லிமீற்றர். இதற்கு 24 மில்லிமீற்றர் சொக்கற்றை மூலை தேயாத நட்டில் பாவிக்கலாம். ஆனால் எட்டில் ஏழு அங்குலம் 22.2 மில்லிமீற்றர். இதில் 22 ஏறாது. 23 போட்டால் ஆடும். ஆடும் சொக்கற்றில் ஒரு மீற்றர் குழாயை மாட்டினால் நட்டின் மூலை போய்விடும், முழங்கைத் தோலும் போய்விடும். இடைவெளிக்குத் தகரத் துண்டு செருகும் பழக்கமும் எம்மிடம் உண்டு. அதை விட்டுவிடுங்கள்.

கடைக்குப் போகும்போது வாகனத்தின் நட்டு ஒன்றையே கையில் கொண்டுபோங்கள். நல்ல நட்டாகப் பார்த்து எடுத்துப் போக வேண்டும். சொக்கற்றை அதில் மாட்டி அசைத்துப் பாருங்கள். மட்டாக அசைந்தால் சரி, தளதளவென்று ஆடினால் வைத்துவிடுங்கள். புதிய மலிவுக் கருவியைவிட, பழைய இரும்புக் கடையில் கிடக்கும் லொறிக்காரரின் பழைய சொக்கற் பல வேளைகளில் திறமாக இருக்கும். வெடிப்பும் வாய் விரிவும் இல்லையா என்று மட்டும் பாருங்கள். பட்டறையில் சொக்கற்றோடு கம்பியை ஒட்டுவிப்பதும் உண்டு. ஒட்டு சொக்கற்றின் பின்புறத்திலேயே இருக்கட்டும். நட்டைப் பிடிக்கும் வாய்ப்பக்கம் நெருப்பில் சிவந்தால் இரும்பு இளகி, பிறகு வாய் விரிந்துவிடும்.

கறள் ஏறிய நட்டு

முதல் நாளே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் புரியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, ஊடுருவும் எண்ணெயை விடுங்கள். அது இல்லாவிட்டால் மண்ணெண்ணெயோடு சிறிது எஞ்சின் எண்ணெய் கலந்து விடலாம். மாலையில் ஒருமுறை, காலையில் ஒருமுறை விட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். பொறுமையால் கழன்ற நட்டு பலத்தால் கழன்றதைவிட அதிகம். நட்டு சற்று அசைந்தபின், ஒரேயடியாகத் திருப்பாமல் அரைச் சுற்றுக் கழற்றிக் கால் சுற்று இறுக்கி, மறுபடி கழற்றுங்கள். புரியிலிருக்கும் கறள் மாவாகி வெளியேறும்.

காற்று அடித்த ரயர் பூட்டியிருக்கும்போது நட்டையோ றிம்மையோ நெருப்பால் சூடாக்க வேண்டாம். உள்ளே உள்ள காற்றும் ரப்பரும் சூடேறி ரயர் வெடிக்கும். இது ஆளைக் கொல்லும் வெடிப்பு. காற்றைத் திறந்து விட்டாலும் ரயர் றிம்மில் இருக்கும்வரை ஆபத்து நீங்காது.

பழைய ஜப்பானிய லொறிகள் பலவற்றில் இடப்பக்கச் சில்லுகளுக்கு இடப்புரி வைத்திருப்பார்கள். அந்த அச்சில் செய்த பெட்டியானால் இடப்பக்க நட்டை வழக்கத்துக்கு மாறாக வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். தெரியாதவர் கழற்றுவதாக எண்ணி மேலும் மேலும் இறுக்கி ஆணியை முறிப்பார். ஆணியின் முகத்தில் 'எல்' என்ற ஆங்கில எழுத்து அடித்திருக்கிறதா என்று மண்ணைத் துடைத்துப் பாருங்கள். எழுத்து அழிந்திருந்தால் புரி சரியும் திசையை வலப்பக்க ஆணியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சில்லு நிலத்தில் நிற்கும்போதே நட்டுகளை அரைச் சுற்றளவு இளக்க வேண்டும். ஜக்கில் தூக்கியபின் குழாயில் தொங்கினால் வாகனம் சரியும். இளகிய நட்டை ஆணியிலேயே விட்டு, பிறகு தூக்குங்கள். மற்றச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் மரக்குற்றி வையுங்கள். மணலிலும் சேற்றிலும் ஜக்கின் கீழ் தடித்த பலகை வேண்டும். அந்தக் குற்றியையும் பலகையையும் பெட்டியிலேயே எப்போதும் கொண்டு திரியுங்கள். முகமாலை போன்ற பகுதிகளில் 2009 இற்குப் பின்னும் எத்தனை ஆண்டுகளாகக் கண்ணிவெடி அகற்றினார்கள் என்பது நாம் அறிந்தது. அவ்வாறான இடங்களில் அண்டக் கல்லுத் தேடித் தெருவோரப் பற்றைக்குள் இறங்குவது நல்லதல்ல. உழவு இயந்திரத்தின் பின் ரயருக்குத் தண்ணீர் நிரப்பியிருந்தால் அந்தச் சில்லை ஒருவர் தனியே கழற்றவே கூடாது. சாய்ந்தால் தாங்க முடியாது.

இறுக்குவதற்கு வேண்டியது அளவு

கழற்ற உதவிய நீளக் குழாயை இப்போது தூர வைத்துவிடுங்கள். இறுக்குவதற்கு அது வேண்டாம்.

பூட்டுவதற்கு முன் றிம்மும் ஹப்பும் ஒட்டும் முகங்களைச் சுரண்டித் துடையுங்கள். மண், கறள், தடித்த பெயின்ற் எதுவும் இடையில் இருக்கக்கூடாது. இன்று இறுக்கமாக இருந்தாலும் நாளை அது நசிந்து தேய, நட்டு தளரும். திருத்திய பெட்டிக்கு அழகாக இரண்டு மூன்று பூச்சுப் பெயின்ற் அடித்து, அது காயமுன் சில்லைப் பூட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கழற்ற விட்ட எண்ணெயையும் புரியிலிருந்து துடைத்து எடுங்கள். எண்ணெய்ப் புரியில் நட்டு வழுக்கி ஓடும். அதே முறுக்கத்தில் ஆணி அளவுக்கு மீறி நீண்டுவிடும். கைநூலில் எண்ணெய் பூசும்படி சொல்லியிருந்தால் மட்டும் பூசுங்கள். கூம்பு முகமுள்ள நட்டானால் கூம்பு றிம்மின் பக்கம் இருக்க வேண்டும். மாறிப் பூட்டிய நட்டுகளை நான் பல பெட்டிகளில் கண்டிருக்கிறேன்.

எல்லா நட்டுகளையும் முதலில் கையால் ஏற்றுங்கள். பின்னர் ஒன்றை இறுக்கினால் அடுத்து அதற்கு எதிரே உள்ளதை இறுக்குங்கள். ஐந்து நட்டானால் ஒன்றுவிட்டு ஒன்று, நட்சத்திரம் கீறுவதுபோல. இரண்டு மூன்று தரமாகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். வரிசையாக ஒவ்வொன்றையும் முழுதாக இறுக்கினால் றிம் ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும். வாகனத்தை இறக்கியபின் கடைசி இறுக்கம்.

அந்தக் கடைசி இறுக்கம் எவ்வளவு? ஒவ்வொரு வாகனத்தின் கைநூலிலும் அதற்குரிய தொகை இருக்கும். பல டொயோட்டாக் கார்களுக்கு அது 103 நியூட்டன் மீற்றர். உழவு இயந்திரத்தின் பெரிய ஆணிகளுக்கு இதைவிடக் கூடுதலாக வரும். இதை அளப்பதற்கென்றே ரோர்க் றெஞ்சு என்ற கருவி இருக்கிறது. வேண்டிய தொகையைப் பிடியில் திருகி வைத்தால், அந்த முறுக்கம் வந்ததும் 'டிக்' என்று சத்தம் கேட்கும். சத்தம் கேட்டால் நிறுத்த வேண்டும். இன்னுமொருமுறை 'டிக்' கேட்கட்டும் என்று இழுக்கக்கூடாது. ஒரு குடும்பம் தனியே வாங்குவதற்கு இது விலை கூடிய பொருள். கமக்காரர் அமைப்பு ஒன்று வாங்கி வைத்தால் ஊருக்கே போதும். அதைப் பொறுப்பெடுப்பவர் நட்டுக் கழற்ற அதைக் கொடுக்காமலும், வேலை முடிந்ததும் தொகையை அதன் ஆகக் குறைந்த அடையாளத்துக்கு இறக்கி வைத்தும் பாதுகாக்க வேண்டும்.

அந்தக் கருவி இல்லாதவர்களுக்கு, மூடை நிறுக்கும் தொங்கு தராசு உதவும். செய்முறை இதுதான். நட்டின் நடுவிலிருந்து சரியாக 50 சென்ரிமீற்றர் தூரத்தில் பிடிக்கம்பியில் ஒரு அடையாளம் போடுங்கள். வலப்புரி நட்டானால் கம்பியை இடப்பக்கமாக, நிலத்துக்குச் சமாந்தரமாக வையுங்கள். தராசின் கொளுக்கியை அடையாளத்தில் மாட்டி நேர் மேலே இழுங்கள். தராசு 20 கிலோ காட்டும்போது நட்டில் விழும் முறுக்கம் ஏறக்குறைய 100 நியூட்டன் மீற்றர். 30 கிலோ காட்டினால் 150. அடையாளம் ஒரு மீற்றரில் என்றால் 20 கிலோவுக்கு 200. கணக்கு இவ்வளவே: கிலோவைப் பத்தால் பெருக்கி, மீற்றரால் பெருக்குங்கள். கம்பியின் சொந்தப் பாரத்தால் சிறிது குறையும்; அது பெரிதல்ல. இழுக்கும்போது மற்றக் கையால் சொக்கற்றை நட்டோடு அணைத்துப் பிடிக்க வேண்டும். கைநூல் இறாத்தல் அடியில் சொன்னால் அதை 1.36 ஆல் பெருக்கினால் நியூட்டன் மீற்றர் வரும்.

இதை நாலைந்து தரம் செய்து பாருங்கள். 20 கிலோ இழுவை எவ்வாறு இருக்கும் என்பதைக் கை தெரிந்துகொள்ளும். பலசாலியான இளைஞர் எவ்வளவு மிஞ்சி இறுக்குகிறார் என்பதும், வயதானவர் எவ்வளவு குறைய இறுக்குகிறார் என்பதும் அப்போது தெரியவரும். எங்கள் அனுபவத்தில் இளைஞர்களுக்குத்தான் இந்தப் பாடம் கூடுதலாகத் தேவைப்பட்டது.

ரயர் கடைகளில் காற்றுத் துவக்கால் 'டர்' என்று இறுக்கித் தருவார்கள். வேகமான வேலை, ஆனால் அளவு தெரியாது. பிறகு வழியில் காற்றுப் போனால் வீட்டு ஸ்பானரால் அதைக் கழற்றவும் முடியாது. துவக்கால் மட்டாக ஏற்றிவிட்டு, கடைசி இறுக்கத்தைக் கையால் செய்யும்படி கேளுங்கள். கேட்கக் கூச்சமென்றால் வீட்டுக்கு வந்து நட்டுகளை ஒவ்வொன்றாக இளக்கி, தராசு வைத்து நீங்களே இறுக்குங்கள்.

பூட்டிய பிறகு

புதிதாகப் பூட்டிய சில்லு ஓட ஓட அதன் இருக்கையில் படியும்; நட்டின் இறுக்கமும் சிறிது குறையும். ஆகவே காரும் வானும் 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். உழவு இயந்திரத்துக்கும் பெட்டிக்கும் அவ்வளவு பொறுக்க வேண்டாம். முதற் பாரம் இறக்கியவுடனேயே பாருங்கள். அடுத்த நாளும் பாருங்கள்.

நட்டிலிருந்து றிம்மில் சூரியக் கதிர்போல் கறள் கோடுகள் ஓடினால் அங்கே அசைவு இருக்கிறது என்று அர்த்தம். நட்டைச் சுற்றி இரும்பு பளபளவென்று மினுங்கினாலும் அப்படியே. றிம்மின் ஓட்டை வட்டம் மாறி நீண்டிருந்தால், எவ்வளவு இறுக்கியும் பயனில்லை. றிம்மையே மாற்ற வேண்டும். ஒரு ஆணி முறிந்திருந்தால் 'மற்ற நாலும் இருக்குத்தானே' என்று ஓடாதீர்கள். முறிந்ததன் பாரத்தை இரு பக்கத்து ஆணிகளும் சுமந்து அவையும் களைத்திருக்கும். முறிந்ததோடு அவற்றையும் மாற்றுவது நல்லது.

சரியாக இறுக்கிய நட்டிலிருந்து றிம்முக்கு ஒரு நேர்கோடு போட்டு வையுங்கள். பெயின்ற் இல்லாவிட்டால் மகளின் கியூட்டெக்ஸ் போதும். நட்டு சற்றுச் சுழன்றாலும் கோடு இரண்டாகப் பிரிந்து நிற்கும். விடியற்காலையில் பெட்டியைக் கொளுவும்போது லைற்றை அடித்து ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் ஒவ்வொரு சில்லையும் பார்த்துவிடலாம். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளையும் இந்தக் கோட்டைப் பார்த்து, ‘அப்பா, இது விலகியிருக்கு’ என்று சொல்லும்.